எடைக்கு எடை

பெரிய செயற்கைக்கோளைத் தூக்கிக்கொண்டு போகிற ராக்கெட்டுக்கு இன்னும் கொஞ்சம் தெம்பு மிச்சமிருந்தால், அந்த மிச்சத்தில் சின்னக் கோள் ஒன்றும் தொற்றிக்கொண்டு போகலாம். கல்லூரிகளுக்குக் கட்டணம் கிடையாது. எண்பத்து மூன்றாம் வருஷத்து மழைக்காலத்தில் இந்தச் சேதியைப் பாகீரதி கேட்டது தன் வீட்டு ரேடியோவில். மாட்டுங்காவில் மூன்றாவது மாடி வீடு. அரசாங்க லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்தபடியே உலகத்தோடு பேசுகிற ஹாம்களில் அவளும் ஒருத்தி. ஜெர்மனியிலிருந்து ஒரு பழைய சிநேகிதர் கரகரப்புக்கு நடுவே இதைச் சொல்லச் சொல்ல, கையிலிருந்த காப்பி ஆறிப்போனது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செம்பூரில் ஒரு என்ஜினீயரிங் கல்லூரியில் அவள் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தாள். மறுநாள் வகுப்பில் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு இதைத்தான் பேசினாள். "லோக்கல் ட்ரெயின்ல மூணு பேர் சீட்டுல நாலாவதா ஒண்டிப்போமே, அந்த மாதிரி. பாதி உடம்பு வெளியிலதான் தொங்கும். இருந்தா என்ன? தாதர்ல இறங்கணும்னா இறங்கிடலாம்." பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் சாயங்காலம் ஆறேழு பேர் லேபுக்கு வந்து நின்றார்கள்.

அவளுக்கு இதில் ஒரு சொந்தக் காரணம் இருந்தது. ஆந்திரக் கரையைப் புயல் புரட்டிப்போட்ட வருஷம் அவள் புதிதாக லைசென்ஸ் வாங்கியிருந்தாள். டெலிபோன் கம்பியெல்லாம் அறுந்துபோய், அங்கிருந்த ஹாம்கள் பேட்டரியில் செட்டை ஓட்டிக்கொண்டு உயிரோடு இருப்பவர்களின் பெயர்களைப் படித்தார்கள். பாகீரதி பம்பாயில் உட்கார்ந்து எழுதிக்கொண்டாள். பொழுது சாய்ந்ததும் ரேடியோ அலையின் போக்கு மாறியது. ஒரு குரல் பெயர்ப் பட்டியலின் பாதியில் கரைந்துபோயிற்று. மறுநாள் அதே இடத்தில் காதை வைத்துக்கொண்டு காத்திருந்தும் அந்தக் குரல் திரும்பவில்லை. தலைக்கு மேலே ஒரு சின்னப் பெட்டி சுற்றிக்கொண்டிருந்தால், அது ஒரு கரையில் கேட்டதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த கரையில் சொல்லிவிடும். அதற்குப் பகலும் ராத்திரியும் ஒன்றுதான். அவள் செய்ய நினைத்தது அப்படிப்பட்ட பெட்டியைத்தான்.

கல்லூரி முதல்வர் பஞ்சாபகேசனும் மாட்டுங்காக்காரர்தான். அவளுடைய புக்ககத்துக்குத் தூரத்து உறவு. இதைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். டில்லிக்கு எத்தனையோ முறை ரயிலேறினார். அனுமதிக்காக வாசல் வாசலாக நின்றார். வெளிநாட்டு ராக்கெட் கம்பெனியோடு பேசி, எண்பத்தேழில் போகிற ஒரு பெரிய தொலைத்தொடர்புக் கோளுக்குக் கீழே இடம் பிடித்தார். அவர் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. பின்னாளில் அவர்மீது எத்தனை கசப்பு வந்தபோதும் பாகீரதி இதை மறுத்ததில்லை.

பெட்டியின் கூட்டை மன்சூர் அலி செய்தார். தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் அவருடைய பட்டறை. மேலப்பாளையத்துக்காரர். லேத் ஒன்று, மில்லிங் மெஷின் ஒன்று, வேலைக்கு நாலு ஆட்கள். மிக்ஸி மோட்டாருக்கு மூடியும் தையல் மெஷினுக்குப் பாகமும் செய்துகொண்டிருந்தவர். பாகீரதி முதல் தடவை வரைபடத்தோடு போனபோது, "இது எந்தக் கம்பெனிக்கு?" என்று கேட்டார். வானத்துக்கு என்று அவள் சொன்னாள். அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த லேத்தை நிறுத்தச் சொன்னார்.

மூன்று வருஷம் அவள் அந்தச் சந்துக்குப் போய்வந்தாள். இரண்டு கூடுகள் பாழாயின. ஒன்று அவள் கணக்குத் தவறியதால், இன்னொன்று அவர் ஆள் துளையைத் தவறான பக்கத்தில் போட்டதால். மூன்றாவது சரியாக வந்தது. ஒவ்வொரு தடவையும் மன்சூர் அலி கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"பெட்டி எப்பம் போவுது டீச்சர்?"

"போகும் பாய். இன்னும் கொஞ்சம் இருக்கு."

"ஊருக்குச் சொல்லிட்டேன். எம்பொண்டாட்டி ஷரீஃபு இருக்காளே, அவ ஒரு வீடு பாக்கியில்லாம சொல்லிட்டா. நீங்க பதனமா அனுப்பிப்போடணும்."

வீட்டில் பாகீரதியின் கணவன் ஜம்பு பாங்கில் வேலை பார்த்தான். நல்ல மனுஷன். சமையலில் பாதியை அவனே ஏற்றுக்கொண்டான். "என் சக்களத்தி சௌக்கியமா?" என்று பெட்டியைப் பற்றிக் கேட்பான். குழந்தை இல்லாத வீட்டில் அந்தப் பெட்டிக்கு என்ன இடம் என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

எண்பத்தாறு கடைசியில் பெட்டியைப் பெங்களூருக்குக் கொண்டுபோய், ராக்கெட் எப்படிக் குலுக்குமோ அப்படிக் குலுக்கிப் பார்த்தார்கள். சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றி வைத்தார்கள். எல்லாம் முடிந்து சுவிட்சைப் போட்டதும் பெட்டி தன் பெயரைத் தந்தி மொழியில் தட்டிச் சொல்லிற்று. குறில் நெடில், குறில் நெடில். பாகீரதி ஹால் ஓரத்தில் திரும்பி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அது கப்பலேறுவதற்கு முன்பு ஒரு நாள் பஞ்சாபகேசன் அவளை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ராக்கெட் கம்பெனியிலேருந்து பேசினா. பெரிய கோளோட சொந்தக்காராளுக்குத் திடீர்னு பயம் வந்துடுத்தாம். பக்கத்துல பேட்டரி, டிரான்ஸ்மிட்டர்னு உயிரோட எதுவும் இருக்கப்படாதுங்கறா. வழியில நம்மது முழிச்சிண்டு கத்திடுத்துன்னா அவா கோளுக்கு ஆபத்தாம்."

"சார், அதுக்குத்தானே மூணு பூட்டுப் போட்டிருக்கோம்? பிரிஞ்சப்புறம்தான் அது முழிக்கும். சோதனை பண்ணினதெல்லாம் அவாளுக்கு அனுப்பியாச்சே."

"எல்லாம் சொன்னேன். டிக்கெட் வாங்கினவா அவா. நாம ஓசி."

வெளியே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் சத்தம் கேட்டது.

"அப்போ நம்ம எடம்?"

"அதைத்தான் சொல்ல வரேன். ராக்கெட்டுக்கு எடைக் கணக்கெல்லாம் போட்டு முடிச்சாச்சு. அந்த மூலையில அந்த எடை இல்லேன்னா பேலன்ஸ் போயிடும். காலியா விட முடியாது. அதே எடையில ஒரு கட்டியை வச்சுடுவா." அவர் மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைத் தள்ளி வைத்தார். "அந்தக் கட்டியை நாங்களே தரோம்னு சொல்லிட்டேன்."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை.

"கட்டிமேல காலேஜ் பேர் இருக்கும். நம்ம பேர் மேல போகும். இதுக்கு ஒத்துழைச்சா அடுத்த ராக்கெட்ல நம்ம பெட்டிக்கு எடம் தரதைப் பத்தி யோசிக்கறோம்னு சொல்லியிருக்கா."

"யோசிக்கறோம்னா, தரோம்னு சொன்னாளா?"

"பாகீரதி, நான் அடுத்த வருஷம் ரிட்டயராறேன். கோவிச்சுண்டு எழுந்து வந்துட்டா கதவு சாத்திப்போயிடும். காலை உள்ள வச்சுண்டாத்தான் நாளைக்கு நுழைய முடியும். அந்தக் கட்டி எங்க கனம், எங்க லேசுன்னு பார்த்துச் செய்ய உன்னை விட்டா ஆள் கிடையாது."

அவள் முடியாது என்றுதான் சொல்ல நினைத்தாள். அப்படிச் சொல்லியிருந்தால் அன்றோடு போயிருக்கும். ஆனால் அடுத்த ராக்கெட் என்ற வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்து ஜம்புவிடம் சொன்னாள். அவன் தட்டைத் தள்ளிவிட்டு, "செய்யாதே பாகீ. அவர் வேணும்னா எங்கேயாவது வாங்கி அனுப்பட்டும்" என்றான். அவன் அவளிடம் எதையும் செய்யாதே என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். மறுநாள் அவள் கட்டிக்கு வரைபடம் போட உட்கார்ந்தாள்.

பட்டறையில் மன்சூர் அலி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு உள்ள எங்க டீச்சர்?"

"உள்ள கிடையாது பாய். கெட்டி."

"கெட்டின்னா, வயரு கியரு ஒண்ணும் வைக்க மாட்டியளா?"

"ஒண்ணும் இல்ல. எடை மட்டும்தான். நம்ம பெட்டியோட எடை."

"அப்பம் பெட்டி?"

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். ஒரு ஆளைக் கூப்பிட்டு டீ வாங்கிவரச் சொன்னார். டீ வந்தது. இருவரும் குடிக்கவில்லை.

"அடுத்த ராக்கெட்ல பெட்டி போகும்னு சொல்றா" என்றாள் பாகீரதி.

"யாரு சொல்லுதா?"

மன்சூர் அலி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "மூணு வருஷம் நூல் பிடிச்சு நூல் பிடிச்சு அறுத்தேன். இத அறுக்க மூணு நாளு போதும். கொடுத்துட்டுப் போங்க" என்றார்.

கட்டியைச் செய்தும் கொடுத்தார். நாலு கால் வைத்த அலுமினியக் கட்டி. ஓரத்தில் கல்லூரியின் பெயரும் அதற்குக் கீழே முதல்வரின் பெயரும் வெட்டியிருந்தன. உன் பெயரையும் போடலாமா என்று பஞ்சாபகேசன் கேட்டபோது அவள் வேண்டாம் என்றாள். யாரும் சொல்லாமலேயே மன்சூர் அலி அதை முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்டிருந்தார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. எப்படி இருந்தாலும் அவர் பட்டறையிலிருந்து போகிற சாமான்.

ராக்கெட் பிசகில்லாமல் போயிற்று. பெரிய கோள் தன் வழியில் பிரிந்தது. கட்டி தான் ஒட்டிக்கொண்டிருந்த ராக்கெட்டின் கடைசித் துண்டோடு சேர்ந்து பூமியைச் சுற்ற ஆரம்பித்தது. "எங்கள் கல்லூரியில் உருவான சுமை விண்வெளியை அடைந்துவிட்டது" என்று பஞ்சாபகேசன் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. மறுநாள் பேப்பரில் அது 'செம்பூர் மாணவர்களின் செயற்கைக்கோள்' என்று வந்தது. அவர் திருத்தவில்லை.

அன்று சாயங்காலம் பாகீரதி செட்டைப் போட்டாள். கொழும்பிலிருந்து ஒருவர் வாழ்த்தினார். மதராஸிலிருந்து ஒருவர். பிறகு ஜெர்மன் சிநேகிதர், சந்தோஷத்தில் இரைந்துகொண்டு, "எந்த அலைவரிசையில் கேட்கலாம்? ஆண்டெனாவைத் திருப்பி வைத்துக் காத்திருக்கிறேன்" என்றார். அவள் பட்டனை அழுத்தினாள். பட்டனை விட்டுவிட்டுச் செட்டையே அணைத்தாள். ஜம்பு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தான் முன்பே சொன்னதை அவன் நினைவூட்டவில்லை. அவன் நினைவூட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

மாட்டுங்காவில் தமிழர் சங்கம் ஒன்று பாராட்டு விழா எடுத்தது. ஹாலில் இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். பன்னீர், சந்தனம், பட்டுப்புடவை. பஞ்சாபகேசனுக்கு மாலை போட்டார்கள், அவளுக்கும் போட்டார்கள். பேசியவர்கள் எல்லாரும் தமிழச்சியின் குரல் விண்ணில் ஒலிக்கிறது என்ற மாதிரியே பேசினார்கள். ஒலிக்கிறது, ஒலிக்கிறது என்று கேட்கக் கேட்க மாலை கழுத்தை அறுத்தது. அவளைப் பேசக் கூப்பிட்டார்கள்.

அவள் மைக் முன்னால் போய் நின்றாள். நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடுவதாகத்தான் இருந்தாள்.

"மேலே சுத்திண்டிருக்கறது கோள் இல்லை" என்றாள். "நாங்க செஞ்ச கோள் செம்பூர்ல லேப் அலமாரியில இருக்கு. மேல போனது ஒரு அலுமினியக் கட்டி. அது எதையும் கேக்காது, எதையும் பேசாது. எடைக்கு எடை வச்சு அனுப்பினோம். அவ்வளவுதான்."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு பின்னால் சிரித்தார்கள். பஞ்சாபகேசன் எழுந்து வந்து அவள் தோளுக்குப் பக்கத்தில் நின்று, மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். "பார்த்தேளா? இத்தனை பெரிய காரியம் பண்ணிட்டு, கட்டிங்கறா, எடைங்கறா. இந்த அடக்கம்தான் நம்ம பொண்களோட பெருமை." கைதட்டல் கூரையைத் தொட்டது. அவள் இன்னும் ஏதோ சொன்னாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் ஹாலின் பின்பக்கத் தூணுக்கு அருகே மன்சூர் அலியைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை, புதுத் தொப்பி. பக்கத்தில் கருநீலப் புடவைத் தலைப்பைத் தலைக்குப் போட்டுக்கொண்டு ஒரு பெண். ஹாலில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் கைதட்டவில்லை. அந்தப் பெண் தன் கணவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழா முடிந்து படியிறங்கும்போது அவர்கள் காத்து நின்றார்கள்.

"இதான் ஷரீஃபுன்னிசா" என்றார் மன்சூர் அலி.

ஷரீஃபுன்னிசா பாகீரதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னக் குரலில் கேட்டாள். "நீங்க வெளையாட்டுக்குச் சொல்லலையே?"

"இல்லைம்மா."

"இவுக செஞ்ச பெட்டி போவல?"

பாகீரதி மன்சூர் அலியைப் பார்த்தாள். அவர் தெருவிளக்கில் ஏதோ இருப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகலை. அவர் செஞ்ச இன்னொண்ணு போச்சு."

"கட்டி."

"ஆமா."

ஷரீஃபுன்னிசா கையை விட்டாள். கோபமாக விடவில்லை. கணவனிடம் திரும்பி, "ஏன் எங்கிட்டச் சொல்லல? ஊருக்கெல்லாம் நான் சொன்னப்பம் பக்கத்துலதான நின்னிய?" என்றாள். அவள் முன்னால் நடக்க ஆரம்பித்தாள். மன்சூர் அலி ஒரு படி இறங்கி, நின்று, தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டார்.

"அத்தனை பேருல ஒருத்தனாவது நம்புனானா டீச்சர்? எல்லாவனும் சிரிச்சான். நம்புனது அவ ஒருத்திதான்" என்றார். "மேடையில சொல்லுததுக்கு முன்ன எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்." பிறகு மனைவியின் பின்னால் வேகமாகப் போனார்.

ஜம்பு டாக்ஸி பிடித்து வந்தான். வீடு வந்து சேரும்வரை அவள் மாலையைக் கழற்றவில்லை. கழற்ற வேண்டும் என்று தோன்றவில்லை.

அடுத்த ராக்கெட் வரவேயில்லை. வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு வருஷம் கழித்துப் பதில் வந்தது. சின்னக் கோள்களுக்கு இனி முறைப்படி இடம் ஒதுக்கப்போகிறார்களாம். ஓரம் முழுக்க வரிசையாக இருக்கைகள், ஒவ்வொன்றுக்கும் விலை. அதைக் கல்லூரி நினைத்துப் பார்க்க முடியாது. பஞ்சாபகேசன் ரிட்டயராகி, ஒரு விருதும் வாங்கிக்கொண்டு, கோயமுத்தூரில் மகன் வீட்டுக்குப் போனார். போகும்போது அவளைப் பார்க்க வந்தார். "என்மேல வருத்தம்தானே உனக்கு?" என்றார். ஆமாம் என்றாள். அதை எதிர்பார்க்காதவர்போலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

புது முதல்வர் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து வாசல் ஹாலில் கண்ணாடிக்குள் வைத்தார். 'விண்வெளியில் எங்கள் கல்லூரி' என்று எழுதிய பலகை வந்தது. வைப்பதற்கு முன்பு பேட்டரி கசிந்து ஹாலைக் கெடுத்துவிடும் என்று பாகீரதியே பெட்டியைத் திறந்து பேட்டரியைக் கழற்றினாள். தான் சால்டர் ஈயம் வைத்து ஒட்டிய இடங்கள் பளபளவென்று அப்படியே இருந்தன. மூடித் திருகாணியை முடுக்கினாள்.

பட்டறைக்கு இரண்டு முறை போனாள். முதல் முறை மன்சூர் அலி வெளியே போயிருக்கிறார் என்றார்கள். உள்ளே அவர் இருமுவது கேட்டது. இரண்டாவது முறை இருந்தார். குர்லாவில் ஒரு பம்ப் கம்பெனிக்கு நிறைய வேலை இருக்கிறது என்றார். உட்காரச் சொன்னார். அவள் மன்னிப்புக் கேட்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எண்பத்தொன்பதில் கல்லூரிப் பொருட்காட்சிக்கு ஜனங்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். பாகீரதியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருந்தார்கள். பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல. மத்தியானம் மன்சூர் அலி வந்தார். கூட உல்லாஸ்நகரிலிருந்து வந்திருந்த அவர் மைத்துனன் காசிம், ஷரீஃபுன்னிசாவின் தம்பி. துணி வியாபாரி, பருத்த ஆள். வரும்போதே பேசிக்கொண்டு வந்தான்.

"இதானா மச்சான்? பொட்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா அங்ஙன எல்லாரும் வேற மாதிரியில்ல சொல்லுதாங்க. ஒம்ம சாமான் போவவே இல்ல, வெறும் இரும்புத் துண்டைத்தான் அனுப்புனாவ, அக்காவே சொல்லிட்டான்னு சொல்லுதாங்க. சிரிக்கானுவ." அவன் பாகீரதியிடம் திரும்பினான். "நீங்கதான் டீச்சரம்மாவா? நீங்க சொல்லுங்க. மச்சான் செஞ்சது மேல போச்சா, இல்லையா?"

மன்சூர் அலி கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார். அதில் அவர் முகம் தெரிந்தது. தாடி நரைத்திருந்தது.

"போச்சு" என்றாள் பாகீரதி. "அவர் கையால செஞ்சதுதான் போச்சு. இன்னும் சுத்திண்டிருக்கு."

"சத்தியமா?"

"சத்தியமா."

"கேட்டீரா? நாளைக்கே போய் அத்தனை பயலையும் பிடிச்சுச் சொல்லுதேன்" என்றான் காசிம். அவன் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. சூரிய அடுப்பு வைத்திருந்த மேஜையைப் பார்க்கப் போனான்.

மன்சூர் அலி போகாமல் நின்றார். அவர் ஏதாவது சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடிக்கு வெளியே விரலை வைத்து, பெட்டியின் ஒரு மூலையைக் காட்டினார்.

"இந்தத் துளையில பிசிறு கிடக்கு. அப்பம் பாக்கல" என்றார். தலையை ஆட்டிவிட்டு மைத்துனன் பின்னால் போனார்.

ஒரு பள்ளிக்கூடத்துக் கூட்டம் உள்ளே வந்தது. சீருடைப் பிள்ளைகள் கண்ணாடியைச் சுற்றி முண்டினார்கள். இதுதானா மேலே போனது என்று ஒரு பெண் ஹிந்தியில் கேட்டாள். பாகீரதி ஹிந்தியில் ஆமாம் என்றாள். எப்படிப் போயிற்று, எவ்வளவு நேரத்தில் பூமியைச் சுற்றும் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். குரல் தடுமாறவில்லை.